மோட்டார்ஹோம் – எத்தனை அடி போதும்?

கேரவன் என்றதும் தமிழ் வாசகர்களுக்கு ஞாபகம் வருவது ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் வண்டிதான். அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ள இந்த மாதிரி வண்டியை (மோட்டார்ஹோம் என்பார்கள்) சாதாரணக் குடும்பங்களே வாங்குகின்றன. ரிட்டயர் ஆன கையோடு வீட்டை விற்றுவிட்டு அதிலேயே குடியேறுகிறவர்களும் உண்டு. "நோமேட்லேண்ட்" (2020) படம் பார்த்தவர்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். அந்தப் படத்து நாயகி ஒரு பழைய ஃபோர்டு வேனிலேயே காலம் தள்ளுவார். ஆனால் ஷோரூமுக்குப் போகிறவர்கள் யாரும் அந்த வேனைத் தேடிப் போவதில்லை. "இருப்பதிலேயே பெரியது எது?" என்றுதான் கேட்கிறார்கள்.

அந்தக் கேள்விதான் தப்பு.

முதலில் பணக் கணக்கு. கொரோனா சமயத்தில் ஹோட்டல், விமானம் எல்லாவற்றுக்கும் பயந்து ஜனங்கள் இந்த வண்டிகள் பக்கம் ஓடினார்கள். 2021-ல் வட அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து டீலர்களுக்குப் போனவை 6,00,240 வண்டிகள் (காரின் பின்னால் இழுத்துப்போகும் டிரெய்லர்களும் இதில் சேர்த்தி). அதுவரை இல்லாத சாதனை! 2023-ல் அது 3,13,174 ஆகிவிட்டது. நடுவில் வட்டி ஏறியது, ஆசை இறங்கியது. இதில் வாங்கினவர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. இந்த வண்டிகளுக்கு 15, 20 வருஷக் கடன்கூடக் கிடைக்கும். மாதத் தவணை சின்னதாகத் தெரியும். ஆனால் வீடு மாதிரி இதன் மதிப்பு ஏறாது. ஷோரூம் வாசலைத் தாண்டிய நிமிஷமே தேய்மானம் ஆரம்பம். கடன் மெதுவாகக் குறையும், மதிப்பு வேகமாகக் குறையும். இரண்டு வருஷம் கழித்து "ஐயோ, இது ரொம்பப் பெரிசு" என்று விற்கப் போனால், விற்ற பணம் கடனை அடைக்கவே போதாமல் போகலாம். மிச்சத்தைக் கைக்காசிலிருந்து கட்டினால்தான் வண்டி கையை விட்டுப் போகும். சைஸ் சரியில்லை என்றால் சட்டையை மாற்றிக்கொள்ளலாம். இதை அப்படி மாற்ற முடியாது.

வகைகள் மூன்று. கிளாஸ் ஏ என்பது பஸ் மாதிரி, 45 அடி வரைக்கும் உண்டு. கிளாஸ் பி என்பது வேன், ஏறக்குறைய 19 முதல் 24 அடி. கிளாஸ் சி நடுவாந்திரம், டிரைவர் தலைக்கு மேல் ஒரு படுக்கை துருத்திக்கொண்டிருக்கும். பெயர்தான் சி, சைஸில் பி-யை விடப் பெரியது. யார் வைத்த வரிசையோ!

சரி, எத்தனை அடி வாங்குவது? பர்ஸ் பதில் சொல்வதற்கு முன்னால் ரோடு பதில் சொல்லிவிடும். மொன்டானாவில் கிளேசியர் தேசியப் பூங்கா இருக்கிறது. அதன் நடுவே மலையைக் குடைந்து போகிற "கோயிங் டு தி சன்" ரோடுக்காகவே ஜனங்கள் அங்கே போகிறார்கள். அந்த ரோட்டின் மலைப் பகுதியில் பம்பரோடு சேர்த்து 21 அடிக்கு மேல் நீளமோ, கண்ணாடியோடு சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. அதாவது கிளாஸ் ஏ, கிளாஸ் சி கிட்டத்தட்ட எல்லாமே அவுட். 19 அடி வேன் தாராளமாகப் போகும். யூட்டாவில் ஸயன் பூங்காவின் சுரங்கப்பாதை 1930-ல் திறந்தது. அன்றைய கார்களுக்காக வெட்டினது. 11 அடி 4 அங்குலத்துக்கு மேல் உயரமோ, 7 அடி 10 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால், எதிரே வரும் வண்டிகளை எல்லாம் நிறுத்தி, நடு ரோட்டில் தனியாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2026-லிருந்து பெரிய வண்டிகளுக்கு அந்த வழியே கிடையாது என்று 2025-ல் அறிவித்தும் விட்டார்கள். யோசெமிட்டி பள்ளத்தாக்கிலும் 40 அடி வண்டி நிற்கக்கூடிய இடங்கள் மிகச் சில. அவற்றுக்குத்தான் அடிதடி.

தேசியப் பூங்காக்களைச் சுற்றிப் பார்க்கத்தானே ஊரே இதை வாங்குகிறது? பூங்கா வாசலில் நின்றுவிடுகிற வண்டியை வாங்கி என்ன பிரயோஜனம்?

"பெரிய வண்டி வாங்கி, பின்னால் ஒரு சின்னக் காரைக் கட்டி இழுத்துப் போனால் ஆச்சு" என்று விற்பனையாளர் சொல்வார். பொய் இல்லை, நிறையப் பேர் செய்கிறார்கள். ஆனால் நாலு சக்கரமும் தரையில் ஓட காரை இழுத்துக்கொண்டு போகும்போது ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. ஒரு பெட்ரோல் பங்க்கில் தப்பாக நுழைந்துவிட்டால், இறங்கி, காரைக் கழற்றி, திருப்பி, மறுபடி மாட்ட வேண்டும். பின்னால் நிற்கிறவர் ஹார்ன் அடிப்பதைக் கேட்டுக்கொண்டே! ஒரே இடத்தில் மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு பொருந்தும். தினம் ஓர் ஊர் என்று திரிகிறவர்களுக்குச் சரிப்படாது.

அடுத்து உள் அமைப்பு. ஷோரூமின் பெரிய மாயாஜாலம் ஸ்லைடு-அவுட். பட்டனை அழுத்தினால் சுவரே வெளியே நகர்ந்து ஹால் அகலமாகும். 1990-களில் பரவ ஆரம்பித்த இந்த வசதி நிஜமாகவே அருமையான யோசனை. ஆனால் ஷோரூமில் எப்போதும் அதைத் திறந்தேதான் வைத்திருப்பார்கள். ஓடும்போது மூடித்தானே ஆக வேண்டும்? சில வண்டிகளில் மூடினால் ஃப்ரிட்ஜைத் திறக்க முடியாது, சிலவற்றில் பாத்ரூமுக்கே வழி இருக்காது. வழியில் குழந்தை பாத்ரூம் என்று அழுதால், ஓரங்கட்டி, பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்து, சுவரை வெளியே தள்ளி... வாங்குகிறவர் முதலில் சொல்ல வேண்டியது "எல்லா ஸ்லைடையும் மூடுங்க" என்பதுதான். மூடின பிறகு உள்ளே நடந்து பார்க்கட்டும்.

படுக்கையில் இன்னொரு விளையாட்டு. பிரோஷரில் "ஆறு பேர் தூங்கலாம்" என்று போட்டிருக்கும். சாப்பாட்டு மேஜையை இறக்கி, மெத்தையை நகர்த்தி, சோபாவை விரித்து வருகிற கணக்கு அது. ராத்திரி ஒன்பது மணிக்குத் தாத்தா தூங்க வேண்டும் என்றால் மொத்தக் குடும்பமும் மேஜையை விட்டு எழுந்தாக வேண்டும். அதைவிட முக்கியம், ஆறு பேர் தூங்கக்கூடிய வண்டியில் ஆறு சீட் பெல்ட் இருக்க வேண்டும் என்று இல்லை. நாலுதான் இருந்தால் மிச்ச இருவர் எப்படிப் பயணம் செய்வது? குழந்தைகள் உள்ள வீட்டில் படுக்கையை எண்ணுவதற்கு முன் பெல்ட்டை எண்ண வேண்டும். மூலையில் ஒட்டின படுக்கை என்றால், உள்பக்கம் படுத்தவர் நடுராத்திரியில் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க முடியும். இருபதில் இது ஜோக். அறுபத்தைந்தில் இடுப்பு எலும்பு சமாச்சாரம். மெத்தையும் பல வண்டிகளில் 75 அங்குலம்தான், வீட்டு க்வீன் மெத்தையை விட 5 அங்குலம் குறைச்சல்.

யாரும் பார்க்காத விஷயம் எடை. ஃபோர்டு ஈ-450 சேஸிஸின் மொத்த எடை வரம்பு 14,500 பவுண்டு. 24 அடி கிளாஸ் சி-யும் அதன் மேல்தான், 32 அடியும் அதன் மேல்தான். நீளம் கூடினால் வண்டியின் சொந்த எடையே வரம்பைத் தின்றுவிடும், ஆட்களுக்கும் சாமானுக்கும் மிஞ்சுவது குறையும். 50 கேலன் தண்ணீர் நிரப்பினாலே 415 பவுண்டு போச்சு. ஆக, பெரிய வண்டியில் அலமாரி நிறைய இருக்கும், நிரப்பத்தான் முடியாது! எவ்வளவு ஏற்றலாம் என்று ஒரு ஸ்டிக்கர் உள்ளே ஒட்டியிருக்கும். திரைச்சீலையின் நிறம் பார்க்கிற நேரத்தில் அதைப் படிக்கலாம்.

இதற்காக எல்லோரும் வேன்தான் வாங்க வேண்டும் என்று சொல்ல முடியாது. வருஷம் முழுக்க உள்ளேயே வாழப் போகிற தம்பதிக்கு 19 அடி வேன் ஒரு தண்டனை. டாய்லெட்டும் ஷவரும் ஒரே ஈரப் பெட்டிக்குள் இருக்கும், மழை நாளில் ஒருவர் நகர இன்னொருவர் படுத்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு 30 அடிக்கு மேல் போவதில் நியாயம் இருக்கிறது. மற்றபடி, வருஷத்துக்கு ஐந்தாறு வாரம் ஊர் சுற்றுகிற இரண்டு பேருக்கு 24, 25 அடியும், தினம் பிரிக்கத் தேவையில்லாத, இரண்டு பக்கமும் இறங்கக்கூடிய ஒரு படுக்கையும் போதும். கிளேசியரின் அந்த ரோடுக்கு மட்டும் ஒரு நாள் வாடகைக் கார் எடுத்துக்கொள்ளட்டும்.

இதையும் காகிதத்தில் முடிவு செய்யக் கூடாது. அங்கே இதே வண்டிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஒரு வாரம் எடுத்து ஓட்டிப் பார்க்கிற செலவு, இருபது வருஷக் கடனோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அதுவும் நல்ல வெயில் நாளில் எடுக்காமல், மழை வருகிற வாரமாகப் பார்த்து, வாங்க நினைக்கிற அதே நீளத்தில், கூட வரப்போகிற அத்தனை பேரோடும் எடுக்க வேண்டும். நாலாவது நாள் ஈர ஷூக்களை எங்கே வைத்தார்கள், ரிவர்ஸ் எடுக்கும்போது யார் யாரிடம் கத்தினார்கள் என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும்.