24 வயசுப் பையனுக்கு எதுக்கு கொலஸ்ட்ரால் மாத்திரை?

வீட்டில் 24 வயதுப் பையன் இருக்கிறான். தினமும் ஜிம்முக்குப் போகிறான். சிகரெட் கிடையாது, குடி கிடையாது. அவன் அறையைக் கூட்டிப் பெருக்கப் போன அம்மா, அலமாரியில் புரோட்டீன் டப்பாவுக்குப் பின்னால் சில பாட்டில்களைப் பார்க்கிறார். மீன் எண்ணெய் கேப்சூல், நியாசின், பூண்டு மாத்திரை, சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று எழுதிய ஒரு டப்பா, ஒரு லிவர் டானிக். கேட்டால், "எல்லாம் வைட்டமின்மா" என்று பதில் வருகிறது. அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இவற்றில் மீன் எண்ணெய் மட்டும் இருந்தால் பதற ஒன்றுமில்லை. பலரும் சாப்பிடுகிறார்கள். ஆனால், இந்த மொத்தக் கூட்டணியும் ஒரு இளைஞனின் அலமாரியில் சேர்ந்து உட்கார்ந்திருந்தால், ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். அப்பாவுக்கு 55 வயதில் வர வேண்டிய கொலஸ்ட்ரால் கவலை, இவனுக்கு இப்போதே ஏன் வந்தது?

ஜிம் வட்டாரத்தில் இந்த மாத்திரைக் கூட்டணிக்குப் பெயரே இருக்கிறது. 'சைக்கிள் சப்போர்ட்'. சைக்கிள் என்றால் மிதிவண்டி இல்லை. 8 வாரம், 12 வாரம் என்று கணக்கு வைத்து அனபாலிக் ஸ்டீராய்டு எடுப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆணழகன் போட்டிக்குத் தயாராகிறவர்கள் மட்டும் இதைச் செய்வதில்லை. கல்யாண ஆல்பத்தில் தோள் அகலமாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களும் போடுகிறார்கள். "கொலஸ்ட்ரால் கொஞ்சம் ஏறும் தம்பி. மீன் எண்ணெய் போட்டுக்கோ, சரியாயிடும்" என்று யாராவது ஒரு மாஸ்டர் சொல்லியிருப்பார். தம்பியும் நம்பியிருப்பார்.

இடையில் ஒரு விஷயம். ஆஸ்துமா, மூட்டுவாதம், தோல் நோய்களுக்கு டாக்டர் எழுதித்தரும் ஸ்டீராய்டு வேறு வகை. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் தாத்தாவின் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். இங்கே பேசுவது ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனையும், அதன் சாயலில் ஆய்வகத்தில் செய்யப்பட்ட ஸ்டானோசொலால், நாண்ட்ரோலோன், டயனபால் போன்றவற்றையும் பற்றி.

கல்லீரல் செய்யும் வேலை

ஹெச்.டி.எல். என்பது நல்ல கொலஸ்ட்ரால். ரத்தக் குழாயில் தேங்கும் கொழுப்பை அள்ளிக்கொண்டு கல்லீரலுக்குத் திரும்பும் குப்பை வண்டி என்று வைத்துக்கொள்ளலாம். எல்.டி.எல். கெட்ட கொலஸ்ட்ரால். குழாயின் சுவரில் போய் ஒட்டுவது அது. ஸ்டீராய்டு இரண்டையும் தலைகீழாக மாற்றுகிறது. முதலாவது சரிகிறது, இரண்டாவது ஏறுகிறது.

எவ்வளவு சரிகிறது? அமெரிக்காவில் பளு தூக்கும் 11 ஆண்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. 1989-ல் வெளியானது. ஸ்டானோசொலால் மாத்திரை தினம் 6 மில்லிகிராம், 6 வாரம் கொடுத்தார்கள். ஹெச்.டி.எல். 33 சதவிகிதம் இறங்கியது. எல்.டி.எல். 29 சதவிகிதம் ஏறியது. ஜிம்களில் புழங்கும் அளவோடு ஒப்பிட்டால் அந்த 6 மில்லிகிராம் ரொம்பவே சின்ன டோஸ்.

நம் வீட்டுப் பையனுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். தொடங்கும்போது ஹெச்.டி.எல். 42, எல்.டி.எல். 110 என்று வைத்துக்கொள்வோம். 6 வாரத்தில் அது 28, 142 ஆகிவிடும். ஆண்களுக்கு ஹெச்.டி.எல். 40-க்குக் கீழே போனாலே குறைவு என்று லேப் ரிப்போர்ட்டில் குறி போட்டுத் தருவார்கள்.

காரணம், கல்லீரலில் சுரக்கும் ஹெப்பாடிக் லைப்பேஸ் என்ற என்ஸைம். ஹெச்.டி.எல். துகள்களைப் பிரித்துப் போடும் வேலையை அது செய்கிறது. அந்த 1989 ஆய்வில், ஸ்டானோசொலால் சாப்பிட்டவர்களுக்கு இதன் வேகம் இரண்டு மடங்குக்கும் மேல் போனது. குப்பை வண்டிகள் தெருவுக்கு வருவதற்குள் பட்டறையில் பிரித்து எடைக்குப் போடப்படுகின்றன என்று சொல்லலாம். பாவம், வீட்டில் முட்டையின் மஞ்சள் கருவைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

"நான் மாத்திரை போடுவதில்லை, ஊசிதான். ஊசி கல்லீரலைத் தொடாது" என்று ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. அதே ஆய்வில் வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டபோது ஹெச்.டி.எல். 9 சதவிகிதம்தான் குறைந்தது. எல்.டி.எல். ஏறவே இல்லை, கொஞ்சம் இறங்கியது. ஆனால், யாரும் அந்த 200-ல் நிற்பதில்லை. தவிர, டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி உடலில் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ஹெச்.டி.எல்-ஐ ஓரளவு காப்பாற்றுவதே அந்த ஈஸ்ட்ரோஜன்தான். மார்பு பெண்களுக்குப் போல வீங்கிவிடும் என்று பயந்து ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மாத்திரையையும் சேர்த்துப் போட்டால், அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

பாட்டில்களுக்குள் என்ன இருக்கிறது?

முதலில் மீன் எண்ணெய். அதில் இருக்கும் ஒமேகா 3 குறைப்பது டிரைகிளிசரைடு என்ற வேறொரு கொழுப்பை. ஸ்டீராய்டு போடுகிறவர்களுக்கு டிரைகிளிசரைடு பெரும்பாலும் அதிகம் மாறுவதில்லை. திருடன் வந்தது கொல்லைப்புறம், பூட்டு போட்டது வாசலில். அந்த வேலையையாவது அது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்றால் தினம் 2 முதல் 4 கிராம் ஒமேகா 3 தேவை. கடையில் கிடைக்கும் சாதாரண 1000 மில்லிகிராம் கேப்சூலில் இருப்பது சுமார் 300 மில்லிகிராம். 3 கிராமுக்கு 10 கேப்சூல் விழுங்க வேண்டும். அவ்வளவு அதிக டோஸில் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து சற்றே கூடுகிறது என்பதும் ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது.

அடுத்தது நியாசின், அதாவது வைட்டமின் பி3. இது மட்டும் கொஞ்சம் சுவாரசியமான கதை. அதிக டோஸில் நியாசின் உண்மையிலேயே ஹெச்.டி.எல்-ஐ ஏற்றும். முகம் சிவந்து, உடம்பெல்லாம் எரிச்சல் எடுப்பதைப் பொறுத்துக்கொண்டு பலர் சாப்பிடுவதும் அதனால்தான். ஆனால், 2014-ல் வெளியான ஹெச்.பி.எஸ்.2-த்ரைவ் என்ற ஆய்வில், ஏற்கெனவே ஸ்டாட்டின் சாப்பிடும் 25,000-க்கும் மேற்பட்டோரில் ஒரு பாதிக்கு நியாசின் கலந்த மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். ஹெச்.டி.எல். ஏறியது. மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. சர்க்கரை நோய், வயிற்றுக் கோளாறு, தொற்று போன்ற பக்க விளைவுகள்தான் கூடின. ரிப்போர்ட்டில் எண் ஏறுவதும் இதயம் பிழைப்பதும் ஒன்றல்ல என்று மருத்துவ உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட இடம் இது. ஜிம் வாட்ஸ்அப் குரூப்புகளுக்கு இன்னும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

சிவப்பு ஈஸ்ட் அரிசி இயற்கையானது என்று விற்கிறார்கள். அதில் வேலை செய்யும் பொருள் மோனகோலின் கே. அது லோவாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மருந்தேதான், வேதியியல்படி இரண்டும் ஒன்று. அதாவது, எவ்வளவு டோஸ் என்று தெரியாமல் ஒரு ஸ்டாட்டினைச் சாப்பிடுகிறார்கள். ஸ்டாட்டினால் சிலருக்குத் தசை பாதிக்கப்படலாம், கல்லீரல் என்ஸைம்கள் ஏறலாம். ஸ்டீராய்டு மாத்திரையால் ஏற்கெனவே திணறும் கல்லீரலுக்கும், கனமான எடை தூக்கி நைந்த தசைக்கும் மேலே இன்னொரு சுமை. இந்த அரிசியில் சிலசமயம் சிட்ரினின் என்ற பூஞ்சை நஞ்சும் கலந்திருக்கும். அது சிறுநீரகத்துக்கு ஆகாது. ஜப்பானில் 2024 மார்ச்சில் கொலஸ்ட்ராலுக்காக விற்கப்பட்ட சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையைச் சாப்பிட்ட பலர் சிறுநீரகக் கோளாறோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அதில் கலந்திருந்தது வேறொரு பூஞ்சைப் பொருள். சரக்கு முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது.

பூண்டு, மஞ்சள், பட்டை எல்லாம் சமையலில் இருக்கட்டும். அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் 2022-ல் 190 பேரிடம் ஒரு போட்டி வைத்துப் பார்த்தது. மீன் எண்ணெய், பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டீரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று ஆறு சப்ளிமென்ட்டுகள் ஒரு பக்கம். 5 மில்லிகிராம் ரோசுவாஸ்டாட்டின் இன்னொரு பக்கம். வெறும் மாவு மாத்திரை மூன்றாவது. 28 நாளில் ரோசுவாஸ்டாட்டின் எல்.டி.எல்-ஐ சுமார் 38 சதவிகிதம் குறைத்தது. ஆறு சப்ளிமென்ட்டில் ஒன்றுகூட மாவு மாத்திரையைத் தாண்டவில்லை. பூண்டு சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். கொஞ்சம் ஏறியது! இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அந்த ஸ்டாட்டினை விற்கும் கம்பெனி என்பதையும் சொல்லிவிட வேண்டும். 28 நாள் குறைவு என்ற விமர்சனமும் உண்டு. இருந்தாலும், சப்ளிமென்ட்டை நம்பி ஸ்டீராய்டு போடுகிறவருக்கு இதில் ஆறுதலாக ஒரு வரிகூட இல்லை.

எதுவுமே வேலை செய்யாதா என்றால், மருந்துக்கடையில் கிடைக்கும் இசப்கோல் தினமும் சாப்பிட்டால் எல்.டி.எல். ஓரளவு குறையும். ஆனால், அதுவும் ஹெச்.டி.எல்-ஐ ஏற்றாது. கல்லீரலில் முடுக்கிவிடப்பட்ட அந்த என்ஸைமை நிறுத்தும் என்று நிரூபிக்கப்பட்ட சப்ளிமென்ட் எதுவும் கடையில் இல்லை.

கொலஸ்ட்ரால் மட்டும்தானா?

ஒரு பேச்சுக்கு, கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் சரியாகவே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டீராய்டு அங்கே நிற்பதில்லை. ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. சிவப்பணுக்களைக் கூட்டி ரத்தத்தைக் கெட்டியாக்குகிறது. இதயத் தசையைத் தடிக்க வைக்கிறது. 2017-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், நீண்ட காலம் ஸ்டீராய்டு எடுத்த 86 பேரையும் எடுக்காத 54 பேரையும் ஒப்பிட்டார்கள். அத்தனை பேரும் எடை தூக்குகிறவர்கள். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் உள்ள ரத்தத்தில் எவ்வளவை வெளியே தள்ளுகிறது என்று அளந்தபோது, எடுக்காதவர்களுக்குச் சராசரி 63 சதவிகிதம். எடுத்தவர்களுக்கு 52. ஆய்வு நடந்த சமயத்திலும் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 49. இதய ரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவும் எடுத்தவர்களுக்கே அதிகம். எத்தனை ஆண்டு எடுத்தார்களோ, அதற்கேற்பப் படிவும் கூடியிருந்தது.

இதோடு நம் ஊர்க் கணக்கையும் சேர்க்க வேண்டும். தமிழ்நாடு உள்ளிட்ட பகுதிகளில் எடுத்து 2014-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வில், பரிசோதிக்கப்பட்டவர்களில் 72 சதவிகிதம் பேருக்கு ஹெச்.டி.எல். குறைவாகவே இருந்தது. ஸ்டீராய்டு தொடாதவர்களுக்கே இந்த நிலை. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டு முன்னதாகவே வருகிறது என்றும் இன்டர்ஹார்ட் என்ற பன்னாட்டு ஆய்வு காட்டியிருக்கிறது. அமெரிக்க யூடியூபர் சொல்லும் 'சேஃப் டோஸ்' மதுரைப் பையனின் ரத்தத்துக்குப் பொருந்தும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. பாட்டிலில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இவை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் ஹெச் மருந்துகள். ஜிம்முக்குள் கைமாறும் சரக்குக்கு யார் பொறுப்பு?

வீட்டில் எப்படிக் கேட்பது?

பாட்டில்களை அள்ளிக் குப்பையில் போட்டு, "ஜிம் பக்கம் போனால் காலை உடைப்பேன்" என்று அப்பா கத்தினால், அடுத்த வாரம் பாட்டில்கள் நண்பன் ரூமுக்குப் போகும். அவ்வளவுதான் நடக்கும். "இது கொலஸ்ட்ராலுக்குச் சாப்பிடுறதுன்னு படிச்சேன்பா. உனக்கு ஏன் ஏறுது?" என்று ஒரு கேள்வி போதும். திடீர்ப் பருக்கள், சீக்கிரம் வரும் கோபம், தூக்கமின்மை, இரண்டு மாதத்தில் 8, 10 கிலோ தசை ஆகியவற்றைக் கவனித்திருந்தால் அதையும் சேர்த்துப் பேசலாம்.

எடுக்கும் இளைஞர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. நெதர்லாந்தில் ஸ்டீராய்டு எடுத்த 100 ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஹார்லெம் ஆய்வில், சைக்கிள் முடிந்து சில மாதங்களில் கொலஸ்ட்ரால் அளவுகள் பழைய நிலைக்குத் திரும்பின. எந்த சப்ளிமென்ட்டும் செய்யாததை, நிறுத்துவது செய்தது. ரத்தக் குழாயில் ஏற்கெனவே படிந்த கொழுப்புக்கு இந்தச் சலுகை கிடையாது.

நிறுத்துவதையும் டாக்டர் துணையோடு செய்வது நல்லது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டிருந்ததால் உடல் தன் சொந்தத் தயாரிப்பை மூடி வைத்திருக்கும். அது மறுபடி தொடங்கச் சில மாதங்கள் ஆகலாம். அதற்குள் சோர்வு, மனச்சோர்வு, தாம்பத்திய ஆர்வக் குறைவு எல்லாம் வந்து, பயத்தில் பலர் மீண்டும் ஊசிக்கே திரும்பிவிடுகிறார்கள். என்ன மருந்து, எத்தனை வாரம் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். திட்டு விழலாம். ஆனால், சொல்லாவிட்டால் அவர் வேறு நோயைத் தேடிக்கொண்டிருப்பார்.

லிப்பிட் புரொஃபைலோடு ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், ஹெமட்டோக்ரிட், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள், தேவைப்பட்டால் எக்கோ ஆகியவற்றை டாக்டர் பார்ப்பார். நிறுத்திய பிறகும் எல்.டி.எல். இறங்காவிட்டால், ஸ்டாட்டின் தேவையா என்று முடிவு செய்ய வேண்டியதும் அவர்தான். நெஞ்சில் அழுத்தம், வழக்கமான செட்டிலேயே மூச்சு வாங்குவது, மயக்கம் வந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே 108-ஐ அழைக்கவும். ரத்தம் கொடுப்பதற்குச் சில நாள் முன்பிருந்து கனமான எடை தூக்காமல் இருங்கள். தசை நைந்தாலே ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. ஏறிவிடும். அது கல்லீரலால் வந்ததா, லெக் டேயால் வந்ததா என்று டாக்டருக்குக் குழப்பம் வராது.