வாலில் சரம் கட்டுவது யார் வீட்டுப் பிள்ளை?

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே எல்லாத் தெருவிலும் இது தொடங்கிவிடுகிறது. நாலைந்து பையன்கள், கையில் ஊதுபத்தி, சரத்திலிருந்து பிரித்த பிஜிலி வெடிகள். தெருமுனையில் படுத்திருக்கும் நாயின் மேல் ஒன்றைப் பற்றவைத்து எறிகிறார்கள். துணிந்தவன் வாலிலேயே சரத்தைக் கட்டுகிறான். மாடியில் நிற்கும் நாம் சொல்வதெல்லாம், "டேய், கை பத்திரம்!" நாயைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பிராணிகளை வதைப்பது 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைப் பிள்ளைக்கு யார் சொல்வது, போலீஸ்காரரா?

வீட்டில் வளர்க்கும் நாயின் பாடு இதைவிடப் பரவாயில்லை என்றும் சொல்ல முடியவில்லை. பிள்ளை அழுது அடம்பிடித்தான் என்று வாங்கி வந்த குட்டிதான். பண்டிகையன்று விருந்தாளிகள் வருகிறார்கள் என்று அதை மொட்டை மாடியில் சங்கிலி போட்டுக் கட்டிவிடுகிறோம். "எங்க டைகர் சத்தமே போடாது, தைரியசாலி" என்று பெருமை வேறு. வாலைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, உதட்டை நக்கிக்கொண்டு, தூக்கம் வராமலே கொட்டாவி விடும் நாய் பயந்து போயிருக்கிறது, ஐயா.

மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாயின் காது ஏறக்குறைய 45,000 வரை. சட்டம் அனுமதிக்கும் வெடியே நாலு மீட்டர் தள்ளி 125 டெசிபல் வரை அதிரலாம். திரியைக் கொளுத்தும் நமக்கு வெடிக்கப்போவது தெரியும், காதைப் பொத்திக்கொள்கிறோம். நாய்க்கு ஒன்றும் தெரியாது. உச்ச நீதிமன்றத்தின் 2018 உத்தரவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று வெடிக்க நேரம் குறித்தார்கள். நம் தெருவில் அதை மதிப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. பொழுது சாய்வதற்குள் வாரைப் பிடித்து வெளியே கூட்டிப்போய், மலஜலம் கழிக்கவிட்டுத் திரும்பிவிடுங்கள். மிரண்டு ஓடினால் திரும்பி வருவதற்குக் கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும். உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் டிவியையும் ஓடவிடுங்கள். சங்கிலி வேண்டாம், மிரண்டு இழுத்தால் கழுத்து இறுகிவிடும். கட்டிலுக்கடியில் புகுந்தால் வெளியே இழுக்காதீர்கள். அது தானாக வந்து ஒட்டிக்கொண்டால் தடவிக்கொடுங்கள். செல்லம் கொடுத்தால் பயம் கூடிவிடும் என்பது வெறும் கதை. ஆனால் "பாவம்" என்று பிள்ளையை ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்ள மட்டும் விடக்கூடாது. பயந்த நாய் கடிக்கும், குழந்தையின் முகம்தான் அதற்கு எட்டும் உயரம். கடித்துவிட்டால் மஞ்சளும் வேண்டாம், மிளகாய்ப்பொடியும் வேண்டாம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஊசிக்குக் கிளம்புங்கள்.

உங்கள் தூக்க மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வைத்தியமும் வேண்டாம். போன வருஷம் நடுங்கிய நாய் என்றால் பண்டிகைக்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். விருந்தாளிகள் அன்பாக நீட்டும் பலகாரத்தையும் கவனியுங்கள்: கேசரியில் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட்டும் வெங்காயமும் அதற்கு விஷம்.

வெடி இல்லையென்றால் பிள்ளைகள் ஏங்கிப்போவார்களே என்கிறீர்கள். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியில், பக்கத்து வேட்டங்குடி சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று பல பத்தாண்டுகளாகவே வெடி வெடிப்பதில்லை. அங்கேயும் குழந்தைகள் இருக்கிறார்கள், புதுத்துணி உடுத்துகிறார்கள், பலகாரம் தின்கிறார்கள். ஒரு ஊரே விட்டுக்கொடுத்ததை நாம் ஒரு சாயங்காலம் விட்டுக்கொடுக்கக் கூடாதா? இந்தத் தீபாவளிக்கு அப்பாவோ அம்மாவோ ஒருவர், பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெடிச் சத்தம் ஓயும்வரை உள்ளறையில் நாயோடு உட்காருங்கள்.