பெல்லின் மனைவியும் டெலிபோனும்

சென்ற வாரம் எட்டாம் வகுப்பில் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்லின் சரித்திரத்தைப் போதித்துக் கொண்டிருந்தோம். பெல் பாஸ்டன் நகரில் காது கேளாத குழந்தைகளுக்கு உபாத்தியாயராக இருந்தவர். அவருடைய தாயாருக்கும் செவி மந்தம். அவர் மணந்துகொண்ட மேபல் அம்மையாரோ குழந்தைப் பருவத்தில் கண்ட காய்ச்சலினால் செவிப்புலனை அடியோடு இழந்தவர். 1876-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் டெலிபோன் பேசிற்று என்று வழக்கம்போல் சொல்லி முடித்தோம். கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்து நின்றான். "ஸார், அந்த அம்மாள் டெலிபோனில் எப்படிப் பேசியிருப்பார்?" என்றான்.

இருபது வருஷமாக இந்தப் பாடத்தை நடத்தி வருகிறோம். இந்தக் கேள்வி நமக்குத் தோன்றியதே இல்லை. மறுநாள் சொல்வதாகத் தப்பித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

விடை என்னவெனில், பேசியிருக்க முடியாது. 1877-ல் கல்யாணத்தின்போது பெல் தம் கம்பெனிப் பங்குகளில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவை யாவற்றையும் மனைவிக்குக் கொடுத்து விட்டார். பங்குகள் கைக்கு வந்தன. யந்திரத்தின் குரல் மட்டும் அந்த அம்மையாரின் காதுக்கு எட்டவில்லை. 1922-ல் பெல் காலமானபோது, அவரை அடக்கம் செய்த வேளையில் வட அமெரிக்கா முழுவதும் டெலிபோன்களை ஒரு நிமிஷம் மௌனமாக்கி மரியாதை செய்தார்கள். காது கேளாதவர்களுக்கு அந்த மௌனம் அதற்குள் நாற்பத்தாறு வருஷமாகியிருந்தது.

டெலிபோன் இல்லாத காலத்தில் எல்லோரும் கடிதமே எழுதினார்கள். காது கேட்பவனும் கேளாதவனும் அந்த மட்டில் சமம். டெலிபோன் வந்த பிறகுதான் காது கேளாதவன் பின்தங்கிப் போனான். வைத்தியரை அழைக்க வேண்டுமென்றால் அண்டை வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். சிநேகிதர் வீட்டுக்கு முன்கூட்டிச் சொல்ல வழியில்லாமல் நெடுந்தூரம் சென்று, பூட்டைப் பார்த்துத் திரும்ப வேண்டும். தன் கடன், தன் வியாதி, தன் வீட்டுச் சச்சரவு எல்லாவற்றையும் தன் குழந்தையின் வாயாலேயே பிறருக்குச் சொல்லச் செய்ய வேண்டும். இது சிறு தொல்லை என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் அப்படி இருந்து பார்க்கட்டும்.

இந்த நிலையை மாற்றியவர் ராபர்ட் வைட்பிரெக்ட் என்னும் பௌதிக சாஸ்திரி. கலிபோர்னியாக்காரர், பிறவியிலேயே காது கேளாதவர். ரேடியோ மூலம் டெலிடைப் யந்திரத்தை இயக்கிப் பிற ஊர் அன்பர்களோடு எழுத்திலேயே சம்பாஷிப்பது அவருடைய பொழுதுபோக்கு. பாஸடீனா நகரில் பல் வைத்தியராயிருந்த ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ் என்பவர் இதைக் கேள்வியுற்றார். அவரும் காது கேளாதவர். தாமே விமானம் ஓட்டிச் செல்லும் துணிச்சல்காரர். ரேடியோவில் முடிவது டெலிபோன் கம்பியில் ஏன் முடியாது என்று அவர் கேட்டார். ஆண்ட்ரூ ஸாக்ஸ் என்ற மூன்றாமவரும் சேர்ந்துகொண்டார். அவருக்கும் காது கேளாது.

முட்டுக்கட்டை போட்டது விஞ்ஞானம் அல்ல, கம்பெனியின் சட்டம். பிறர் செய்த எந்தக் கருவியையும் தன் கம்பியில் பிணைக்கக் கூடாது என்று டெலிபோன் கம்பெனி கண்டிப்பாய் இருந்தது. வைட்பிரெக்ட் கம்பியைத் தொடவே இல்லை. ரிஸீவரைக் கவிழ்த்து வைப்பதற்கு இரண்டு குவளைகள் கொண்ட ஒரு பெட்டியைச் செய்தார். விசையைத் தட்டினால் ஒவ்வொரு எழுத்தும் ஐந்து துடிப்புகளாகி, இரண்டு ஸ்வரங்களாய் ஒலிக்கும்: விநாடிக்கு 1400 அதிர்வுள்ளது ஒன்று, 1800 அதிர்வுள்ளது மற்றொன்று. கம்பிக்கு அது வெறும் சப்தம். மறுபுறத்துப் பெட்டி அந்தச் சப்தத்தைக் கேட்டு எழுத்தாக்கிக் காகிதத்தில் அச்சடிக்கும். நெடுந்தூரக் கம்பிகளில் எதிரொலி புகுந்து எழுத்துக்களைக் குழப்பியது. அதையும் அவர் வென்றார். 1964-ல் வைட்பிரெக்டின் யந்திரமும் மார்ஸ்டர்ஸின் யந்திரமும் டெலிபோன் வழியே பேசிக்கொண்டன. பெல்லின் முதல் வார்த்தைக்கு எண்பத்தெட்டு வருஷங்களுக்குப் பிறகு!

யந்திரமோ இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய இரும்புப் பாறை. கழித்துவிட்ட பழைய யந்திரங்களைக் காது கேளாதோருக்குத் தர 1968-ல் டெலிபோன் கம்பெனி இசைந்தது. அவற்றைப் பங்கிட்டுக் கொடுக்கப் பெல்லின் பெயர் தாங்கிய சங்கமும், காது கேளாதோரின் தேசிய சங்கமும் கைகோத்தன. பெல் பள்ளிக்கூடத்தில் சைகை மொழி வேண்டாமென்று வாதித்தவர். தேசிய சங்கத்தாரோ அதை உயிராய்ப் பாராட்டியவர்கள். இரு சாராரையும் ஓரிடத்தில் உட்காரவைத்த பெருமை ஓட்டை யந்திரங்களைச் சாரும்.

ஒருவர் தட்டும்போது மற்றவர் தட்டக் கூடாதாகையால், தம் முறை முடிந்ததும் 'நீங்கள் சொல்லுங்கள்' என்பதற்கு இரண்டு எழுத்துக் குறி போடும் வழக்கம் ஏற்பட்டது. காது கேட்கும் நாம் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடுவதைப் பார்க்கையில், அந்த வழக்கத்தை நமது சபைகளுக்கும் இறக்குமதி செய்தால் தேவலை என்று தோன்றுகிறது.

யந்திரம் இல்லாத கடைக்காரருடன் எப்படிப் பேசுவது? 1990-ல் அமெரிக்க சர்க்கார் செய்த சட்டம் இதற்கு வழிகோலியது. நடுவில் ஓர் ஊழியர் அமர்ந்து, வந்த எழுத்தைப் படித்துச் சொல்வார்; மறுமொழியை எழுத்தில் அனுப்புவார். சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கேட்டதை வெளியிடக் கூடாது. சாதாரண டெலிபோனுக்கு மேல் கட்டணமும் கூடாது. 1993-க்குள் நாடெங்கும் இந்தச் சேவை நடக்க வேண்டுமென்று சட்டம் விதித்தது. இது தர்ம கைங்கரியமாக அன்றி உரிமையாக வகுக்கப்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இன்று கைக்கு அடங்கிய டெலிபோனில் முகம் பார்த்துச் சைகையிலேயே பேசுகிறார்கள். நம் தேசத்திலும் 2015-ல் டில்லியில் இந்தியச் சைகை மொழிக்கென ஒரு சர்க்கார் நிலையம் ஏற்பட்டது. ஆயினும் எத்தனையோ காரியாலயங்கள் இன்னும், "போன் செய்து பேசுங்கள்" என்பதற்குமேல் ஒரு வார்த்தை அறியா. பேச முடியாதவன் என்ன செய்வான் என்று நாமும் அங்கே கேட்டதில்லை.

மறுநாள் இவ்வளவையும் வகுப்பில் சொன்னோம். பையன் விடவில்லை. "மணி அடித்தது அவர்களுக்கு எப்படி ஸார் தெரியும்?" என்றான். நல்ல வேளை, இதற்கு விடை கைவசம் இருந்தது. மணி அடிக்கும்போதெல்லாம் அறையிலே ஒரு விளக்கு பளிச்சுப் பளிச்சென்று எரிந்து அணையும்படி செய்திருந்தார்கள்.