பாதிப் பாதுகாப்பு

பாதுகாப்புச் சாதனங்களில் வெற்றி பெற்றவற்றைப் பற்றியே நாம் அதிகம் பேசுகிறோம். தோற்றுப்போனவற்றிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அதைவிட அதிகம் என்பது என் எண்ணம். பழைய அமெரிக்கக் கார்களில் இருந்த தானியங்கி இருக்கைப்பட்டை அத்தகைய ஒன்று. ஏறத்தாழ இருபதாண்டுகள் வாழ்ந்து மறைந்த இந்தச் சாதனத்தைப் பற்றித் திருப்பூரில் அமர்ந்துகொண்டு எழுத என்ன தேவை என்று வாசகர் கேட்கலாம். தேவை இருக்கிறது. முதலில் அது இயங்கிய விதத்தைப் பார்த்துவிடுவோம்.

அதில் இரண்டு வகைகள் இருந்தன. 1975இல் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் ரேபிட் காரில் கொண்டுவந்தது எளிய வகை. பட்டையின் மேல்முனை கதவோடு பொருத்தப்பட்டிருக்கும். கதவைத் திறந்தால் பட்டையும் கூடவே விலகி வழிவிடும். உள்ளே அமர்ந்து கதவை மூடினால் மார்பின் குறுக்கே தானாக வந்து படியும். இரண்டாவது வகையில் மோட்டார் உண்டு. 1981ஆம் ஆண்டு மாடல் டொயோட்டா கிரெசிடாவில் அது அறிமுகமானது. சாவியைத் திருப்பியதும், கதவுச் சட்டத்தின் மேலுள்ள காடியில் பட்டையின் மேல்முனை முன்கண்ணாடிப் பக்கமிருந்து மெல்ல நகர்ந்து தோளுக்குப் பின்னால் போய் நிற்கும். கதவைத் திறந்தால் மீண்டும் முன்னால் ஓடிவிடும்.

இவ்வளவு சிரமம் எதற்கு? பட்டையை மக்கள் அணியவில்லை என்பதற்காகத்தான். 1974ஆம் ஆண்டு மாடல் கார்களில், முன்னிருக்கையில் இருப்பவர்கள் பட்டையைப் பூட்டாவிட்டால் வண்டியே கிளம்பாதபடி அமைத்துப் பார்த்தார்கள். மக்கள் கொதித்தெழுந்தார்கள். அதே ஆண்டின் இறுதிக்குள் அந்த ஏற்பாட்டைக் கட்டாயமாக்கக் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே இயற்றிவிட்டது. பத்தாண்டுகள் கழித்து 1984இல், பயணியின் கையை எதிர்பாராமல் தானே காக்கும் ஏற்பாடு ஒன்றை 1987 மாடல் முதல் படிப்படியாகக் கொண்டுவர வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. காற்றுப்பையும் வைக்கலாம், தானியங்கிப் பட்டையும் வைக்கலாம். செலவு குறைவு என்பதால் பல நிறுவனங்கள் பட்டையைத் தேர்ந்தெடுத்தன.

கோளாறு அங்கேதான் தொடங்கியது. மோட்டார் இழுத்து வந்தது தோள்பட்டையை மட்டுமே. இடுப்புப் பட்டையைப் பயணி தன் கையால் பூட்ட வேண்டும். தோளின் மீது ஒன்று தானாக வந்து படிந்ததும், வேலை முடிந்தது என்று பலர் இடுப்பை மறந்தார்கள். இடுப்பில் பிடிமானம் இல்லாவிட்டால், மோதலின்போது உடல் பட்டைக்கு அடியில் வழுக்கிச் செல்லும். கழுத்திலும் வயிற்றிலும் அந்தப் பட்டையே காயம் உண்டாக்கக்கூடும். 1998 மாடல் முதல் கார்களில் முன்புறக் காற்றுப்பைகள் கட்டாயமாயின. அதற்குள் தானியங்கிப் பட்டை ஏறக்குறைய வழக்கொழிந்திருந்தது. பாதி வேலையைச் செய்துவிட்டு முழுவேலையும் முடிந்ததான மயக்கத்தைத் தந்ததே அதன் குறை என்று நான் கருதுகிறேன்.

இனி நம் ஊருக்கு வருவோம். தானாக நிற்பதும் தானாகக் காப்பதும் திருப்பூருக்குப் புதியவை அல்ல. நிட்டிங் மிஷினில் பல பத்துக் கோன்களிலிருந்து நூல் ஓடுகிறது. அவற்றில் ஓர் இழை அறுந்தால் விளக்கு எரியும், இயந்திரம் நின்றுவிடும். ஓட்டுபவர் விழிப்போடு இருக்கிறாரா, களைத்திருக்கிறாரா என்று இயந்திரம் பார்ப்பதில்லை. ஏற்றுமதி நிறுவனங்களில் ஒடிந்த ஊசிக்கென்று தனிப் பதிவேடு உண்டு. தையல் ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்து, தாளில் ஒட்டிக் காட்டிய பிறகே புதிய ஊசி தர வேண்டும் என்பது விதி. எங்கோ ஒரு நாட்டில் அந்த ஆடையை அணியப்போகும் குழந்தையின் உடம்பில் ஊசித்துணுக்கு குத்திவிடக் கூடாது என்ற அக்கறை அது. நல்ல அக்கறைதான்.

அதே ஊசி தைப்பவரின் விரலில் ஏறாமல் காக்கும் தடுப்போ, கழற்றிவைக்க எளிதானது. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அது பார்வையை மறைக்கிறது, வேகத்தைக் குறைக்கிறது. குறையும் ஒவ்வொரு பீஸும் அவருடைய கூலி. கட்டிங் மேசையில் அணிய வேண்டிய கம்பிவலைக் கையுறைக்கும் இதே கதிதான். துணிக்கான காவலை இயந்திரத்திடமும் விதியிடமும் ஒப்படைத்த நாம், விரலுக்கான காவலை ஒன்றரை ஷிப்ட் பார்த்துக் களைத்தவரின் நினைவாற்றலிடம் விட்டிருக்கிறோம். தடுப்பை மாட்டிக்கொடுத்தோமே என்று நிர்வாகம் சொல்லும். தோள்பட்டையைக் கொடுத்தோமே என்று கார் நிறுவனங்கள் சொல்லியிருக்கக் கூடியதும் இதுதான்.

பழக்கம் மனிதனின் பொறுப்பு, எல்லாவற்றையும் இயந்திரம் செய்தால் மனிதன் சோம்பேறியாவான் என்று வாதிடுவோர் உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. 2019 ஜூலை முதல் நம் நாட்டில் தயாராகும் கார்களில் பட்டை அணியாவிட்டால் எச்சரிக்கை ஒலி எழ வேண்டும். அந்த ஒலியை ஏமாற்ற, பட்டையில்லாமல் கொக்கி நாக்கை மட்டும் தனியே விற்றார்கள், நாமும் வாங்கினோம். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிக நிறுவனங்களை அவற்றை நீக்கச் சொல்லி உத்தரவிட வேண்டியிருந்தது. சாவியும் ஸ்டியரிங்கும் தன் கையில் இருக்கும் கார்க்காரரை இதற்காகக் கண்டிக்கலாம். ஆனால் பல்லடம் சாலையிலும் காங்கேயம் சாலையிலும் அதிகாலையில் கம்பெனி வேனின் பின்னிருக்கையில் நெருக்கியடித்து வருகிற பெண்ணிடம் இந்த வாதம் செல்லாது. அவர் மறப்பதற்கே அங்கே பட்டை இல்லை.

வால்வோவின் பொறியாளர் நில்ஸ் போலின் 1959இல் தந்த மூன்றுமுனைப் பட்டையில் மோட்டார் கிடையாது. ஒரே கையால், ஒரே அசைவில் தோளும் இடுப்பும் சேர்ந்து பூட்டப்படுகின்றன. அதனால்தான் அது இன்றும் நிலைத்திருக்கிறது. ஆகவே எல்லாவற்றையும் தானியங்கியாக்கு என்று நான் கேட்கவில்லை. பாதுகாப்பை ஏற்பாடு செய்பவர் அதை முழுமையாகச் செய்யட்டும் என்கிறேன். வேனில் இருக்கைக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு பட்டை என்பதும், தடுப்போடு தைத்தாலும் குறையாத கூலி என்பதும் பெரிய கோரிக்கைகள் அல்ல. ஒடிந்த ஊசிக்கு ஒரு பதிவேடு வைக்க முடிந்த ஊருக்கு இவை கைக்கெட்டாதவையும் அல்ல.