ஒற்றைப் பாணனாக ஒரு கேம் ஆடிப் பாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் மாதத்திலேயே ஒரு கேள்வி எழுந்துவிடும். "எப்போது பார்த்தாலும் கேம். இதற்காகவா இவ்வளவு பணம் போட்டு வாங்கினோம்?" எங்கள் கூத்தாநல்லூரில் இந்தக் கேள்வி பெரும்பாலும் போனில் வரும். ஏனென்றால் பணம் அனுப்பிய அத்தா சபுரில் இருப்பார். இங்கே பிள்ளைக்கும் அம்மாவுக்கும் நடுவில் கம்ப்யூட்டர் இருக்கும்.

கேம் என்றாலே நேர விரயம் என்று நான் சொல்லமாட்டேன். எல்லா கேமும் அறிவை வளர்க்கும் என்றும் சொல்லமாட்டேன். எந்த கேம், அதை எப்படி ஆடுகிறோம் என்பதுதான் முக்கியம். என்னைக் கேட்டால், ரோல் பிளேயிங் கேம் ஒன்றில் பாணன் பாத்திரத்தை எடுத்து, துணைக்கு யாரும் இல்லாமல் தனியாக ஆடிப் பார்ப்பது நல்ல பயிற்சி என்பேன். ஏன் என்று பார்ப்போம்.

ரோல் பிளேயிங் கேம் என்றால் என்ன?

ஓடுவது, சுடுவது மட்டுமே உள்ள கேம்களில் விரல் வேகம் இருந்தால் போதும். ரோல் பிளேயிங் கேமில் நீங்கள் முதலில் ஒரு பாத்திரத்தை உருவாக்க வேண்டும். வீரனா, மந்திரவாதியா, திருடனா, பாணனா என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். பிறகு ஊர் ஊராகப் போய்ப் பலரோடு பேசி, வேலைகளை முடித்து, அனுபவப் புள்ளிகளைச் சேர்த்து வளர வேண்டும். 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற காகித விளையாட்டுதான் இதற்கெல்லாம் மூலம். அதில் பாணனுக்குப் பெயர் பார்டு. 1985-ல் தி பார்ட்ஸ் டேல் என்று அவன் பெயரிலேயே ஒரு கம்ப்யூட்டர் கேம் வந்தது.

நான் சிபாரிசு செய்வது பால்டர்ஸ் கேட். கனடாவின் பயோவேர் நிறுவனம் தயாரித்து 1998-ல் வெளிவந்தது. அப்போது 5 சி.டி.க்களில் வந்த இந்த கேமை 2012-ல் பீம்டாக் நிறுவனம் புதுப்பித்து வெளியிட்டது. இன்றைய விண்டோஸில் அது நன்றாக ஓடும். 2023-ல் வந்த மூன்றாம் பாகம் மிகவும் பெயர் பெற்றது. ஆனால் அதற்கு 150 ஜி.பி. இடமும் தனி கிராபிக்ஸ் கார்டும் தேவை. புதிதாக வாங்கிய சாதாரண லேப்டாப்பில் அதை ஏற்றி ஏமாறாதீர்கள். முதல் பாகமே போதும்.

பாணனால் என்ன முடியும்? என்ன முடியாது?

இந்த கேமில் உங்களோடு சேர்த்து 6 பேர் வரை கூட்டமாகப் போகலாம். வாள் பிடிக்க ஒருவர், வைத்தியம் பார்க்க ஒருவர், பொறிகளைக் கண்டுபிடிக்க ஒருவர் என்று வேலையைப் பிரித்துக் கொள்ளலாம். தனியாகப் போனால் எல்லாம் நீங்கள்தான். நீங்கள் செத்தால் கேம் அங்கேயே முடிந்தது.

பாணன் எதிலும் முதல்வன் அல்ல. வீரனைப்போல் அடி தாங்கமாட்டான். மந்திரம் கற்கலாம், ஆனால் முதல் நிலையில் ஒரு மந்திரம்கூடக் கிடையாது. 1,250 புள்ளிகள் சேர்த்து இரண்டாம் நிலைக்கு வந்தால்தான் ஒரே ஒரு மந்திரம் கிடைக்கும். கவசம் போட்டால் அதையும் சொல்ல முடியாது. பூட்டிய பெட்டியைத் திறக்கும் திறமை இல்லை, பொறியைக் கண்டுபிடிக்கவும் தெரியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவனுக்கே உரிய பாட்டும் தனியாகப் போனால் அதிகம் உதவாது! பாட்டின் பயன் கூட்டாளிகளுக்கு உதவுவது. பாடிக்கொண்டே இருந்தால் வில்லையும் தொட முடியாது, மந்திரமும் சொல்ல முடியாது.

பிறகு எதை வைத்துப் பிழைப்பது? மூன்று விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது அறிவு. வழியில் கிடைக்கும் மந்திரப் பொருள் என்னவென்று தெரியாவிட்டால் கடையில் 100 பொற்காசு கொடுத்துக் கேட்க வேண்டும். பாணன் நிலை உயர உயரப் பெரும்பாலானவற்றைப் பார்த்த உடனே சொல்லிவிடுவான். இரண்டாவது, முகராசி. பாணனாக இருக்கக் கவர்ச்சிப் புள்ளி குறைந்தது 15 வேண்டும். அது கூடக்கூடக் கடைக்காரர் விலையைக் குறைப்பார். மூன்றாவது, வேகமான வளர்ச்சி. ஒரு சண்டைக்கு 120 புள்ளி என்றால் 6 பேர் கூட்டத்தில் ஆளுக்கு 20. தனி ஆளுக்கு 120-ம் அவனுக்கே. மந்திரவாதிக்கு இரண்டாம் நிலைக்கு 2,500 புள்ளிகள் வேண்டும். பாணனுக்கு அதில் பாதிதான்.

யோசித்தால்தான் நகர முடியும்

ஓர் உதாரணம் சொல்கிறேன். கேமின் ஆரம்பத்தில் ஒரு சத்திரத்தின் படிக்கட்டில் உங்களைக் கொல்ல ஒரு மந்திரவாதி காத்திருப்பான். முதல் நிலைப் பாணன் நின்று சண்டை போட்டால் பெரும்பாலும் தோல்விதான். ஆனால் அந்தச் சத்திரத்துக்குக் காவலர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் ஓடினால், வந்தவனை அவர்களே பார்த்துக் கொள்வார்கள்! பலமில்லாதவன் யாரிடம் போய் நிற்க வேண்டும் என்று யோசிக்க வேண்டும். அவ்வளவுதான்.

இன்னொன்று நாஷ்கெல் சுரங்கம். அங்கே குட்டிப் பூதங்கள் கூட்டமாக அம்பு எய்யும். ஒவ்வொன்றாகக் கொல்ல நினைத்தால் நடக்காது. ஸ்லீப் என்ற சாதாரண முதல் நிலை மந்திரத்தைச் சரியான இடத்தில் நின்று சொன்னால் கூட்டமே தூங்கிவிடும். எது எங்கே உதவும் என்று தெரிந்துகொள்ள வசனங்களைப் படித்துத்தான் ஆக வேண்டும். பக்கம் பக்கமாக ஆங்கிலம் இருக்கிறது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பரீட்சைக்குப் படிக்காத ஆங்கிலத்தை உயிர் பிழைக்கப் படிப்பார்கள்!

நமக்குப் புதியவன் அல்ல

பாணனை வெள்ளைக்காரர் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். யாழோடு ஊர் ஊராகப் போன பாணர்கள் சங்க இலக்கியத்தில் நிறைய இருக்கிறார்கள். பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞர், வறுமையில் வரும் இன்னொருவருக்கு எந்த வழியில் போக வேண்டும், எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும், வள்ளல் எப்படிப்பட்டவர் என்று சொல்வதே ஆற்றுப்படை. இன்று கேம் ஆடுபவர்கள் வாக்த்ரூ என்று சொல்வதும் இதுதான். அவற்றில் பொருநராற்றுப்படை நம் காவிரி நாட்டுக் கரிகாலனைப் பற்றியது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ரமலான் மாதத்தில் தாயிரா தட்டிப் பாடி சஹர் நேரத்தில் ஊரை எழுப்பும் பாவாக்களை நம் பக்கத்தில் அறியாதவர் உண்டா? சபுர் போகும் பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள். மொழி தெரியாத ஊருக்குத் தனி ஆளாகப் போய், முன்னால் போனவர் சொன்ன வழியைக் கேட்டு, பேச்சாலும் பொறுமையாலும் தானே பிழைக்கிறார்கள்? கையில் பலம் இல்லாதபோது எப்படி நடந்துகொள்வது என்பதை வீட்டுக்குள் உட்கார்ந்து பழக ஒரு கேம் உதவுமானால், அதை விரயம் என்று எப்படிச் சொல்வது?

மறுப்பும் பதிலும்

"தனியாக ஆடினால் கூட்டாளிகளின் பேச்சும் சண்டையும் கிண்டலும் போய்விடுமே" என்று கேம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அது உண்மை. கதையில் பாதி சுவை அதில்தான் இருக்கிறது. அதனால் முதல் தடவை தனியாக ஆடுங்கள். முடிக்க முடியாவிட்டாலும் சுரங்கம் வரையாவது தனியாகப் போங்கள். பிறகு கூட்டாளிகளைச் சேர்த்துக் கொள்ளுங்கள். அப்போதுதான் ஒவ்வொருவரின் அருமையும் தெரியும்.

நேரத்தைப் பற்றிய பயமும் நியாயமானதே. இது ஒரு நாளில் முடியும் கேம் அல்ல. ஆனால் சண்டை நடக்காத எந்த நேரத்திலும் சேவ் செய்துவிட்டு எழுந்திருக்கலாம். அதனால் தினமும் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ள இது மிகவும் வசதி. "இந்த லெவல் முடிந்ததும் வருகிறேன்" என்று பிள்ளை சொல்ல இதில் இடமே இல்லை!

ஆரம்பிப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

ஸ்பேஸ் பாரைத் தட்டினால் கேம் நின்றுவிடும். நிறுத்தி யோசித்து உத்தரவு கொடுங்கள். க்யூ கீயை அழுத்தினால் சேவ் ஆகும். கரண்ட் போகும் ஊரில் இதை அடிக்கடி செய்யுங்கள். பாணனுக்கு வில் கொடுத்துத் தள்ளி நின்று எய்யச் சொல்லுங்கள். மிகவும் கஷ்டமாக இருந்தால் ஆப்ஷன்ஸில் போய் கடினத்தைக் குறைத்துக் கொள்ளலாம். அதில் வெட்கம் இல்லை. சீட் கோடு மட்டும் வேண்டாம். வாக்த்ரூவையும் வழி கேட்பதற்கு மட்டும் பாருங்கள், வரிக்கு வரி பார்த்து ஆடாதீர்கள்.

கடைசியாக ஓர் ஆசை. 2023-ல் வெண்பா என்ற கேம், கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை உலகத்துக்குக் காட்டியது. யாழைத் தூக்கிக்கொண்டு காவிரிக் கரையோரம் நடக்கும் பாணனின் கேம் ஒன்றும் வர வேண்டும். அதை உருவாக்கப் போகிறவர் இந்தப் பக்கத்தைப் படிக்கும் வீடு ஒன்றில் இப்போது கேம் ஆடிக்கொண்டிருக்கலாம். கம்ப்யூட்டரைப் பிடுங்குவதற்கு முன், பிள்ளை என்ன ஆடுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பத்து நிமிடம் பாருங்களேன்!