அய்யனார் கோவில் ஆற்றிலிருந்து தொடங்கட்டும் கடற்பாடம்

"கடலையே காணாத ஊரில் கடலைப் பற்றிப் பாடம் எதற்கு?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. மேற்கே தொடர்மலை, கிழக்கே கரிசல் மண், இடையிலே பஞ்சாலைகளும் தென்னந்தோப்புகளும் என்று அமைந்த ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இக்கேள்வி எழுவது இயல்பே. ஆனால் இயல்பாக எழும் கேள்விகள் எல்லாம் சரியான கேள்விகள் ஆகிவிடா. கடலோரப் பிள்ளை கடலைத் தன் கண்ணால் கண்டே பாதி கற்றுக்கொள்கிறது. நம் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. பள்ளிப் பாடந்தான் அதற்குக் கண். ஆகவே உள்நாட்டு மாணவனுக்கே கடலறிவு மிகுதியாகத் தேவை என்பது என் கருத்து. அதை எங்கிருந்து தொடங்குவது என்பதையே இங்கு எழுத விரும்புகிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் புவியியலில் நீர்க்கோளம் என்றொரு பாடம் இருக்கிறது. கண்டத்திட்டு, கண்டச்சரிவு, ஆழ்கடல் சமவெளி, அகழி, அலை, ஓதம், நீரோட்டம் எல்லாம் அதில் உண்டு. மாலை வேளைகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலருக்கு நான் பாடம் சொல்லித் தருவது வழக்கம். மரியானா அகழி எந்தப் பெருங்கடலில் உள்ளது என்றால், கேள்வி முடியும் முன்பே "பசிபிக்" என்று குரல் எழும். ஒருநாள், "நம் அய்யனார் கோவில் ஆறு எந்தக் கடலைச் சேர்கிறது?" என்று கேட்டேன். எல்லோரும் மௌனம். ஒரு பையன் மட்டும், "கம்மாய்க்குத்தாண்ணே போகுது. மிச்சத் தண்ணி வீணா கடல்ல போய்ச் சேந்துருமாம், எங்கப்பா சொல்வாரு" என்றான். பையனைக் குறை சொல்வதற்கில்லை. மரியானாவைக் கற்பித்த பாடம் அவன் வீட்டுக் குழாயில் வரும் நீரைக் கற்பிக்கவில்லை.

அந்த நீர் எங்கே போகிறது? மலையடிவாரத்தில் அய்யனார் கோவிலருகே இறங்கும் ஆறு, ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தை நிரப்பி ராஜபாளையத்துக்குக் குடிநீர் தருகிறது. பிறகு கண்மாய்களுக்குப் பாய்கிறது. நல்ல மழை பெய்த ஆண்டில் கண்மாய்கள் மறுகால் பாய்ந்து, எஞ்சிய நீர் வைப்பாற்றின் வழியே போய், தூத்துக்குடிக்கு வடக்கே மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. நேர்கோட்டில் அளந்தால் நமக்கும் அக்கரைக்கும் நூறு கிலோமீட்டருக்கும் குறைவே. மேற்கே மலைக்கு அப்பால் அரபிக்கடலும் நூற்று முப்பது கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. கடலைக் காணாத ஊர் என்று சொல்லிக்கொள்ளும் நாம் இரண்டு கடல்களுக்கு நடுவே வாழ்கிறோம்!

போகிற நீர் இருக்கட்டும், வருகிற நீர் எங்கிருந்து வருகிறது? உலகிலுள்ள நீரில் ஏறத்தாழ 97 விழுக்காடு கடலில் இருக்கிறது. மழையாக நமக்கு வந்து சேருவதன் பெரும்பகுதி அதிலிருந்து ஆவியாகி எழுந்ததே. இதைச் சொல்ல நாம் மேல்நாட்டு நூல்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில், கடலுக்குள் புகுந்து நீரை முகந்து மேலேறிப் பொழியுமாறு மழையை வேண்டுகிறாள். நம் ஊர்ப் பெண்ணொருத்தி அன்றே கண்ட உண்மை இது.

அதன் காரணத்தைச் சொல்லுவது இன்றைய அறிவியல். ஒரே எடையுள்ள மணலையும் நீரையும் ஒரே அளவு சூடேற்ற வேண்டுமானால், நீருக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு வெப்பம் தேவை. ஆதலால் கோடையில் நிலம் விரைவில் காய்கிறது; கடல் மெல்லச் சூடாகிறது. நிலத்தை நோக்கிக் கடற்காற்று விரைகிறது. அதுவே தென்மேற்குப் பருவக்காற்று. அது மலைக்கு அந்தப் பக்கமே பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிடுகிறது. பிறகு கதிரவன் தெற்கே சாய, வடநிலம் குளிர, காற்று திசை மாறுகிறது. வங்கக் கடலைக் கடந்து ஈரத்தை வாரிக்கொண்டு வருகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான இந்த வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. நம் கண்மாய் நிரம்புவதும் வறண்டு போவதும் கடலின் கையில் இருக்கின்றன.

கடல் கை விரித்தால் என்ன ஆகும் என்பதற்குத் தாது வருஷப் பஞ்சமே சான்று. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் இந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த வறட்சியை 1877-78இல் பசிபிக் கடல் அளவுமீறிச் சூடானதோடு இன்றைய ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகின்றனர். இந்தச் சூடேற்றத்துக்கு எல் நினோ என்று பெயர். கடல் தந்த அப்பஞ்சத்தை, தானியத்தை ஏற்றுமதி செய்த அன்னிய ஆட்சி மேலும் கொடிதாக்கியது. 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர், பருவமழையை முன்னறியும் வழியைத் தேடினார். பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் காற்றழுத்தம் தராசுத் தட்டுப் போல மாறிமாறி ஏறி இறங்குவதை அவர் கண்டறிந்தார். இன்று ஏறத்தாழ நாலாயிரம் மிதவைக் கருவிகள் உலகக் கடல்களில் 2000 மீட்டர் ஆழம் வரை இறங்கி, பத்து நாட்களுக்கு ஒரு முறை மேலே வந்து வெப்பத்தையும் உப்பையும் அளந்து சொல்லுகின்றன. நம் நாட்டுக் கருவிகளும் அவற்றில் உண்டு. எந்த மாதம் விதைப்பது என்று வானம் பார்த்து நிற்கும் உழவனின் மகன் இந்தச் செய்தியை அறியாமல் பள்ளியை விட்டு வெளியேறலாமா?

இனி, 'வீண்' என்ற சொல்லுக்கு வருவோம். வறண்ட மாவட்டத்தில் ஒவ்வொரு சொட்டையும் கண்மாயில் தேக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கடலில் கலப்பதெல்லாம் வீண் என்பது பிழை. மலைப்பாறையைக் கரைத்து ஆறு கொண்டுபோகும் தாதுக்களும் வண்டலும் கழிமுகத்தின் மீனுக்கும் இறாலுக்கும் உணவாகின்றன; கரைக்கு மணலாகின்றன. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அதிலும் யுகயுகமாக ஆறுகள் கொண்டு சேர்த்த பங்கு உண்டு. தூத்துக்குடி உப்பளத்திலிருந்து வந்து நம் குழம்பில் விழும் உப்புக்கும் மலைக்கும் உறவில்லை என்று யார் சொல்ல முடியும்?

நல்லதைக் கொண்டுபோகும் ஆறு கெட்டதையும் கொண்டுபோகும். அய்யனார் கோவிலுக்குக் குளிக்கவும் வழிபடவும் வருவோர் விட்டுச்செல்லும் நெகிழிப் பைகளும் ஷாம்பு உறைகளும் வெள்ளத்தில் எங்கே போகும்? கண்மாயில் சிக்காதவை, பவளப் பாறைகளும் கடற்பசு மேயும் கடற்புல்லும் உள்ள மன்னார் வளைகுடாவுக்கே போகக்கூடும். மலையடிவாரத்தில் நின்று எறிகிறவன் கடலில்தான் எறிகிறான்!

உயிர் காக்கும் அறிவும் இதில் அடங்கியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் புக்கெட் தீவுக் கடற்கரையில் இருந்த டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி, கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டு, இரண்டு வாரம் முன்பு வகுப்பில் படித்த சுனாமிப் பாடத்தை நினைவுகூர்ந்து பெற்றோரை எச்சரித்தாள். ஏறத்தாழ நூறு பேர் பிழைத்தனர். அதே நாளில் தமிழகம் ஏறத்தாழ எட்டாயிரம் உயிர்களை இழந்தது. நம் பிள்ளைகளும் சுற்றுலாவுக்குத் திருச்செந்தூரும் ராமேஸ்வரமும் போகிறவர்கள்தாமே? அமாவாசை, பௌர்ணமிகளில் கடல் உள்வாங்குவது ஓதம். அது மணிக்கணக்கில் மெல்ல நிகழும். சில நிமிடங்களில் கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓட வேண்டும். இந்த வேறுபாட்டைக் கற்பிக்க ஒரு பாடவேளை போதாதா?

ஆகவே நான் வேண்டுவது புதிய புத்தகம் அன்று, புதிய தொடக்கமே. முதல் வகுப்பு ஆற்றங்கரையில் நடக்கட்டும். இரண்டாம் வகுப்பில் வரைபடத்தை விரித்து, ஆறு கண்மாய்களையும் வைப்பாற்றையும் கடந்து கடலைச் சேரும் வழியை மாணவரே விரலால் தொட்டுக் காட்டட்டும். ஒரு டப்பாவில் மணலும் இன்னொன்றில் நீரும் எடுத்து ஒரு மணி நேரம் வெயிலில் வைத்துத் தொட்டுப் பார்த்தால் பருவக்காற்று விளங்கும். சாயம் கலந்த உப்புநீரை நல்ல நீரில் மெல்ல ஊற்றினால் அது அடியில் போய்த் தங்கும். ஆழ்கடல் நீரோட்டங்களை நடத்துவதும் குளிர்ச்சியாலும் உப்பாலும் நீருக்கு வரும் இத்தகைய அடர்த்தி வேறுபாடே. இவற்றுக்கெல்லாம் ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வைப்பாற்றுக் கழிமுகத்துக்கு ஒருநாள் பயணம் சென்று வந்தால், மரியானா அகழியைப் பற்றிய பாடம் தானே மனத்தில் நிற்கும்.

பள்ளிகள் தொடங்கட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டுமா? நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் அடுத்த முறை மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் நடக்குமானால், மாலையில் ஒரு மணி நேரம் அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தரலாம். இரண்டு டப்பா, ஒரு பிடி உப்பு, ஒரு வரைபடம் போதும். மாணவ நண்பர்களே, வரத் தயாராக இருப்போர் பெயர் கொடுங்கள்; முதல் பெயர் என்னுடையது.