பி சைடு முடியும்வரை கேளுங்கள்

“அண்ணே, இதுல இருக்கிற பாட்டெல்லாம் இப்ப போன்லயே கிடைக்குது. பழைய சாமான்காரர்கிட்ட போட்டுடவா?”

மாதத்துக்கு ஒருவராவது கட்டைப் பை நிறையக் கேசட்டோடு வந்து இதைக் கேட்கிறார்கள். அப்பா காலமாகியிருப்பார், அல்லது பழைய வீட்டை இடித்துக் கட்டுவார்கள். பரணிலிருந்து இறங்கிய பை. மன்னார்குடி பந்தலடிக்குப் பக்கத்தில் 1984 முதல் பதினைந்து வருடம் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவன் என்பதால் என்னைத் தேடி வருகிறார்கள். கடையை மூடி வெகுகாலமாகிறது. இரண்டு டெக்கும் ஒரு கம்ப்யூட்டரும் மட்டும் வீட்டு முன்னறையில் இருக்கின்றன.

எல்லோரிடமும் நான் சொல்வது ஒன்றுதான். இரண்டு பக்கத்தையும் கடைசிவரை ஓட்டிக் கேட்காமல் எந்தக் கேசட்டையும் போடாதீர்கள். பாட்டு போனில் இருக்கிறது, உண்மை. பாட்டைத் தவிர கேசட்டில் வேறென்ன இருக்கிறது என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கொண்டுவந்த கேசட், எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் வந்து சேர எழுபதுகளின் கடைசி ஆகிவிட்டது. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஊர் திரும்பியவர்களின் பெட்டிகளில்தான் டேப் ரெக்கார்டர் பெரும்பாலும் வந்தது. அதன் பிறகே எங்களைப் போன்றவர்களுக்குப் பிழைப்பு. வாடிக்கையாளர் ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக்கொண்டு வருவார். ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982), ‘உதயகீதம்’ (1985), ‘மௌன ராகம்’ (1986) படங்களிலிருந்து ஒரு பாட்டாவது இல்லாத லிஸ்ட்டை அந்த வருடங்களில் நான் அபூர்வமாகவே பார்த்தேன். கூத்தாநல்லூரிலிருந்து வருகிறவர்கள் முதல் வரியில் நாகூர் ஹனிபாவை எழுதிவிட்டுத்தான் மற்றதற்குப் போவார்கள். பாட்டின் தொடக்கம் தெரியாதவர்கள் மெட்டை முனகிக் காட்டுவார்கள். எனக்குப் பிடிபடாவிட்டால் டீக்கடையில் நிற்பவரைக் கூப்பிட்டு முனகச் சொல்வேன். யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்.

அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். நாலரை நிமிடப் பாட்டாக ஆறு போட்டால் மூன்று நிமிடம் மிஞ்சும். ஏழாவதைத் தொடங்கினால் நடுவில் அறுந்து நிற்கும். இதற்காகவே ஒவ்வொரு பாட்டின் நேரத்தையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பொருந்துகிற சின்னப் பாட்டு கிடைக்காதபோது அந்த மூன்று நிமிடத்தை வெறுமையாக விட்டுவிடுவேன். வீடுகளில் அதை வெறுமையாக விடவில்லை என்பது இந்தப் பைகள் வரத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எஸ்.பி.பி. பாட்டு முடிந்து, கொஞ்சம் இரைச்சல் ஓடி, திடீரென்று ஒரு பிள்ளை வாய்ப்பாடு சொல்கிறது. வீட்டுக் கூடத்தில் நான்கைந்து பெண்கள் நலங்குப் பாட்டு பாடுகிறார்கள், ஒருத்தி சிரித்து வரியை விட, இன்னொருத்தி எடுத்துக் கொடுக்கிறாள். ஒரு கேசட்டில் வயலில் நடவு நட்ட ஒரு பாட்டி, யாரோ கேட்டுக்கொண்டதற்காகத் திண்ணையில் உட்கார்ந்து நடவுப் பாட்டு பாடியிருந்தார். மூன்று நிமிடத்துக்குள் பாட்டு அடங்கவில்லை. நாடா தீர்ந்து நின்றுவிட்டது. அந்தப் பாட்டியும் இல்லை, அந்தத் தெருவில் இன்று அந்தப் பாட்டைப் பாட ஆளும் இல்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எல்.பி. தட்டிலிருந்து சினிமாப் பாட்டைப் பதிந்து விற்றது காப்புரிமைச் சட்டப்படி தவறு. இசையமைத்தவருக்கும் எழுதியவருக்கும் பாடியவருக்கும் சேர வேண்டியதை எங்கள் கடைகள் குறைத்தன. அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது. ஆனால் வீட்டில் இருந்தவர்கள் தங்கள் குரலைப் பதிந்தது அவர்களுடையது. நான் காப்பாற்றச் சொல்வது அதைத்தான்.

கடைக்கு வராமல் ரேடியோவிலிருந்தே பதிந்துகொண்டவர்கள் இன்னும் அதிகம். ரேடியோவும் டேப்பும் சேர்ந்த செட் எல்லா வீட்டிலும் கிடையாது. எங்கள் வீட்டில் இரண்டும் தனித்தனி. இரண்டையும் இணைக்க வயர் உண்டு என்பதே எனக்கு அப்போது தெரியாது. 1981, வடுவூர். பெஞ்சின் ஒரு முனையில் டிரான்சிஸ்டர், மறுமுனையில் மாமாவிடம் இரவல் வாங்கிய டேப் ரெக்கார்டர், முகத்துக்கு முகம். இலங்கை வானொலி எங்கள் பகுதியில் உள்ளூர் நிலையம் போலத் துல்லியமாக எடுக்கும். 1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்ததிலிருந்தே ஊர்க்காதுகள் கடலுக்கு அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. 1957இல் விவித் பாரதி வந்த பிறகும் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது குரலுக்காகவே இலங்கையைத் திருப்பியவர்கள் எங்கள் தெருவில் உண்டு.

நான் பிளே, ரெக்கார்டு பட்டன்கள் இரண்டையும் சேர்த்து அழுத்தியதும் வீட்டில் எல்லோரும் வாயை மூட வேண்டும். மூட மாட்டார்கள். பாட்டின் இரண்டாவது சரணத்தில் அம்மா கொல்லையிலிருந்து, “டேய், பாலு பொங்குது பாரு” என்று சத்தம் போடுகிறார். பிறகு கோழி. பிறகு யாரோ சைக்கிளை வாசலில் சாத்துகிறார்கள். பாட்டு முடியும் முன்பே அறிவிப்பாளர் பேசத் தொடங்கி, விருப்பம் கேட்ட நேயர்களின் ஊர்களை அடுக்கிக்கொண்டு போகிறார். பதிவு கெட்டுப்போயிற்று என்று அன்றைக்கு நான் அம்மாவோடு சண்டை போட்டேன். அந்தப் பாட்டு இப்போது இணையத்தில் எத்தனையோ இடத்தில் இருக்கிறது. பால் பொங்கியது என் கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது. அம்மா பேசி வேறொரு பதிவு எங்களிடம் கிடையாது.

போனில் பாட்டுக் கேட்பது தவறு என்று நான் சொல்லவில்லை. நானும் கேட்கிறேன். கேட்க வேண்டும் என்று நினைத்த நிமிடத்தில் ஒரு பாட்டு வந்து நிற்பது பெரிய வரம். அந்தக் காலத்தில் ஒரு பாட்டுக்காக மூன்று வாரம் ரேடியோ முன்னால் காத்திருந்தவனுக்கு அதன் அருமை தெரியும். என் கவலை வேறு. செயலியில் நாம் சேர்த்து வைக்கும் பட்டியல் நம்முடையதல்ல. உரிமம் முடிந்தால் பாட்டு மங்கிப்போய் அழுத்தினாலும் பாடாமல் நிற்கும். 2024இல் மட்டும் இந்தியாவில் பெரிய பாட்டுச் செயலிகள் இரண்டு மூடப்பட்டன. சில சமயம் பாட்டின் பெயர் அதேதான் இருக்கும், ஒலிப்பது பிற்காலத்தில் மறுபதிவு செய்த வேறொன்று. தட்டில் வந்த பாட்டையே வருடக்கணக்காகக் கேட்டு வளர்ந்தவருக்கு முதல் வயலின் இழையிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். பிடித்த பாட்டைக் காசு கொடுத்து வாங்கிக் கோப்பாக வைத்துக்கொள்ள வழி இருக்கும்போது அப்படி வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

ஆனால் சினிமாப் பாட்டுக்கு ஆயிரம் காவலர்கள் உண்டு. வீட்டுக் கேசட்டுக்கு நீங்கள் ஒருவர்தான்.

கேசட் என்றைக்கும் இருக்கும் பொருளில்லை. மெல்லிய பிளாஸ்டிக் நாடாவின் மேல் காந்தத் துகள்களை ஒரு பசைதான் பிடித்து வைத்திருக்கிறது. ஈரக்காற்றில் அந்தப் பசை நாளாக ஆகக் கெடும். டெல்டாவின் மழைக்காலத்தைப் பரணில் நாற்பது முறை கண்ட நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பூத்திருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். நாடா சுருளாக ஒட்டிக் கிடப்பதால் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் லேசாகப் பதிந்தும் விடும். பாட்டு தொடங்க ஓரிரு நொடி முன்பே அதே பாட்டு கிசுகிசுவென்று கேட்பது அதனால்தான். நாடா பிழைத்தாலும் ஓட்டக் கருவி வேண்டுமே. பெல்ட் தார்போல உருகிப்போன டெக்குகளைத்தான் இப்போது கொண்டுவருகிறார்கள். ஹெட் தேய்ந்தால் மாற்று கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: காந்த நாடாவில் இருப்பதை 2025க்குள் டிஜிட்டலுக்கு மாற்றாவிட்டால் பெரும்பாலானவை போய்விடும் என்று. அந்த ஆண்டு கடந்துவிட்டது.

கையில் ஓடுகிற டெக் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் ஹெட்டைப் பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் மொட்டுகளையும் உடைத்துவிடுங்கள், தப்பித் தவறி மேலே பதிவாகாது. குரல் மந்தமாகக் கேட்டால் நாடாவைக் குறை சொல்லாதீர்கள். ஹெட்டின் பக்கத்துத் திருகை மயிரிழை திருப்பினால் பலமுறை தெளிந்துவிடும். கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கும் ‘ஆடாசிட்டி’ போதும். தொண்ணூறு நிமிடக் கேசட்டுக்குத் தொண்ணூறு நிமிடம் உட்கார்ந்துதான் ஆக வேண்டும், குறுக்கு வழி கிடையாது. சுருக்காத வேவ் கோப்பாக எடுத்தால் ஒரு ஜி.பி.க்குக் கொஞ்சம் குறைவாக வரும். எம்பி3யாகச் சுருக்குவதைப் பிறகு செய்துகொள்ளலாம்.

இன்னொன்றில் மட்டும் நான் பிடிவாதக்காரன். இரைச்சலை நீக்குகிறேன் என்று மென்பொருளை ஓட்டி அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். இரைச்சலோடு கோழியும் போய்விடும், வாசலில் சாத்திய சைக்கிளும் போய்விடும். எடுத்தது எடுத்தபடி ஒரு பிரதி இருக்கட்டும்.

இது பழைய கேசட்டோடு முடியும் விஷயமும் இல்லை. இன்று எல்லோர் கையிலும் ரெக்கார்டர் இருக்கிறது. கோயிலில் நாதஸ்வரத்தையும் வீட்டில் ஆத்தா பாடும் தாலாட்டையும் பதிகிறோம். அது ‘ரெக்கார்டிங் 47’ என்ற பெயரில் கிடந்து, போன் தண்ணீரில் விழுந்த அன்று போய்விடுகிறது. என் கடையில் ஒரு கேசட்டும் பெயர் எழுதாமல் வெளியே போனதில்லை. யார் குரல், எந்த ஊர், என்ன தேதி என்று கோப்பின் பெயரிலேயே எழுதி, இரண்டு இடத்தில் வைப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

தனி மனிதர்களால் மட்டும் இது முடியாது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய கிராமபோன் தட்டுகளைப் பேணுகிறது. ஈழத்துத் தமிழர்களின் எழுத்தோடு ஒலியையும் படத்தையும் நூலகம் நிறுவனம் சேர்த்து வைக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் புத்தகங்களை மின்னூலாக்குகிறது. ஆனால் வடுவூரிலோ கூத்தாநல்லூரிலோ இருக்கும் ஒருவர் ஒரு பை கேசட்டைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போக முடியுமா? தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும் மைய நூலகத்தில் ஒரு மேசை வேண்டும். பழுது பார்த்த இரண்டு டெக், ஒரு கம்ப்யூட்டர், ஓட்டத் தெரிந்த ஒருவர். ஊர் ஊருக்கு இன்னும் பழைய ரேடியோ மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்களை உட்கார வைத்து இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்யலாம். பாட்டி பாடிய நடவுப் பாட்டின் ஒரு பிரதியை, வீட்டாருக்குச் சம்மதம் என்றால், நூலகமும் வைத்துக்கொள்ளட்டும். இதை அரசு இந்த வருடமே தொடங்க வேண்டும். நாடா காத்திருக்காது, மெக்கானிக்குகளும் என்னைப்போல அறுபதைத் தாண்டியவர்கள்.

துபாயிலிருந்து கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட்டுகள் எங்கள் பக்கம் ஏராளம். போன வாரம் ஒரு பெண் கொண்டுவந்த பையில் 34 கேசட். “அத்தா சவூதியிலேருந்து பேசி அனுப்பினது ஒண்ணு இருந்துச்சும்மான்னு உம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க, எதுன்னு தெரியலண்ணே” என்றார். எல்லாவற்றின் மேலும் நாகூர் ஹனிபா என்றே எழுதியிருக்கிறது. பதினெட்டை ஓட்டி முடித்துவிட்டேன். பத்தொன்பதாவதில் ஏ சைடு ஓடிக்கொண்டிருக்கிறது.